சுவாசம் இன்னும் முடியல

"பேரு கடைக்குட்டி. வயசு இருபத்தாறு. இருக்கிற இடம், ஹோட்டல் லாண்டிரிக்குப் பின்னாடி படிக்கட்டு."

போனை வாய்க்கு நேராகப் பிடித்துச் சொல்லும்போதே கடைக்குட்டிக்குக் கை உதறியது. குடும்ப ஜெபக் குழுவில் எதைப் போட்டாலும் பேர், வயசு, இருக்கிற இடம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். சித்தி போட்ட சட்டம் அது. "ஆண்டவருக்கு நம்ம அட்ரஸ் தெரியாதா சித்தி?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான். "அவருக்குத் தெரியும்டா. வாசிக்கிற எனக்குத் தெரிய வேணாமா?" என்று வாயை அடைத்துவிட்டாள். யாரும் தட்டி எழுதுவதில்லை. வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும்.

இந்த வெளிநாட்டில் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க அடுத்த வாரம் மெடிக்கல் டெஸ்ட். ஆனால் போன மாதமே கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை கொடுத்து, திரும்ப வரச் சொன்னார்கள். அவன் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. டெஸ்டில் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. விஷயம் அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அவள் டாக்டரைப் போய்ப் பார் என்றாள். அவன் சுகம் கேட்டு உபவாசம் எடுத்தான். நேற்று ராத்திரியிலிருந்து வெறும் தண்ணீர். இன்று பொழுது சாயும்வரை ஒரு வாய் சோறு இல்லை என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனை. ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சுகம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று திக்கென்றது. எதற்கும் இருக்கட்டும் என்று மாத்திரையையும் விழுங்கிவிட்டான்.

வினை அங்கேதான் பிடித்தது. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் தள்ளிவிடுவதுதான் அவனுக்கும் ரோலர் அண்ணனுக்கும் வேலை. கண் இருட்டி, விரிப்போடு சேர்ந்து அவன் விரல்களும் உருளையை நோக்கிப் போயின. ரோலர் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"கையையும் சேத்து அயர்ன் பண்ணலாம்னு பாக்குறியா? மூஞ்சக் கழுவிட்டு வாடா!"

அதனால்தான் இப்போது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். வேர்வை ஊற்றியது. உள்ளே மெஷின்கள் இரைந்தன. இது பயமா, பரிசுத்த ஆவியானவரின் அசைவா என்று அவனுக்கே விளங்கவில்லை. மிச்சத்தையும் போனிடம் சொன்னான்: "உபவாசம் இன்னும் முடியல. கை நடுங்குது. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க." எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டான்.

உடனே அக்காவின் அழைப்பு.

"டேய், மூச்சு விட முடியலையா? பக்கத்துல யாரு இருக்கா?"

"யாருக்குக்கா மூச்சு?"

"உனக்குத்தான்டா! 'சுவாசம் இன்னும் முடியல'ன்னு போட்டிருக்க. இங்க அம்மா அழுதுட்டு இருக்காங்க. பெரியப்பா முழங்கால்ல நின்னு ஜெபம் பண்றார்."

"ஐயோ, உபவாசம்க்கா! உ-ப-வா-சம்!"

அக்காவின் குரல் தணிந்தது.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"சாப்பிடாமயா?"

"தண்ணி குடிச்சேன்க்கா."

"சர்க்கரை இறங்கிடுச்சுடா. இப்பவே இனிப்பா எதையாவது வாயில போடு."

"பொருத்தனை பண்ணிருக்கேன்க்கா. சாயங்காலம் வரைக்கும்..."

"சாயங்காலம் நீ இருக்கணுமேடா! பெரியப்பா முட்டிக்குத் தைலம் தேய்ச்சுட்டுத்தான் முழங்கால்ல நிக்கிறார். அவர் விசுவாசம் கரைஞ்சா போச்சு? அந்த உடம்பு என்ன உன் சொந்தமா? ஆண்டவர் குடியிருக்கிற வீடுன்னு ஞாயித்துக்கிழமை கையத் தூக்கிப் பாடுற. திங்கக்கிழமை அதுக்குக் கரண்டக் கட் பண்றியா?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அண்ணா!" என்று கூப்பிட்டான். குரல் எழும்பவில்லை. கதவருகே இருந்த ரோலர் அண்ணன் காதில் அக்கா போட்ட சத்தம் விழுந்திருந்தது; அவன் முகத்தைப் பார்த்ததுமே உள்ளே ஓடினார். சாப்பாட்டு ஹாலிலிருந்து வரும் மேசைத் துணிகளுக்குள் சர்க்கரைப் பொட்டலங்கள் சிக்கியிருக்கும். துவைத்தால் துணியெல்லாம் பிசுபிசுக்கும் என்று அவற்றைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுவைப்பார். டப்பாவோடு வந்து நின்றார்.

கடைக்குட்டி ஒரு பொட்டலத்தைக் கிழித்தான். நாக்குக்குக் கொண்டுபோன கை நின்றது. கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றான். சோற்றுக்கு முன்னால் சொல்கிற அதே ஜெபம்.

"ஜெபத்தச் சுருக்கமா முடிடா," என்றது போன்.

ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. படிக்கட்டு படிக்கட்டாகத் தெரிந்தது. ரோலர் அண்ணன் தன் டிபனில் பாதியை அவன் மடியில் வைத்துவிட்டு, "சாயங்காலம் கிளினிக் போகலாம், நானும் வரேன். என் பிரஷர் மாத்திரையும் தீந்து போச்சு," என்றார்.

அடுத்த வாரத்து டெஸ்ட் அப்படியேதான் இருந்தது. அந்தக் கல்லும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. சாயங்காலம் ஆனால் மறுபடி மனசு பின்வாங்கும் என்று அவனுக்குத் தெரியும். குழுவில் சித்தி அவன் மூச்சுக்காக உருகி ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்தான். இந்த முறை அனுப்புவதற்கு முன் எழுத்தெழுத்தாகப் படித்தான்.

"பேரு கடைக்குட்டி. வயசு இருபத்தாறு. அதே படிக்கட்டு. மூச்சு நல்லா இருக்கு, சித்தி. உபவாசம்னு சொன்னத போன் தப்பா எழுதிடுச்சு. எனக்குச் சர்க்கரை இருக்கு. அம்மா, மறைச்சதுக்கு மன்னிச்சிடுங்க. இப்ப சாப்பிட்டுட்டேன். சாயங்காலம் டாக்டர்கிட்ட போறதா இருக்கேன், ஆனா பயமா இருக்கு. இதப் படிக்கிறவங்க ஜெபம் பண்ணிட்டு, போயாச்சான்னு எனக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."