கொடுத்த ஆடு

எங்கள் சீட்டு விளையாட்டின் நாற்பத்தோராவது வடிவம் என் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பின் மேல் உயிரை விட்டது. எங்கள் தலைநகர் பிஷ்கெக்கில் அன்று நல்ல பனி. அண்ணி ஐதாயின் கையில் 'பறி' சீட்டு இருந்தது. எதிரே அவளுடைய மாமியார், அதாவது என் அம்மா, பதினோரு ஆட்டுச் சீட்டுகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்றைப் பறித்தால் அண்ணி ஜெயித்துவிடுவாள். அவளோ அந்தச் சீட்டைக் கடைசிவரை கசக்கிக் கசக்கி வைத்திருந்து, தோற்றுப்போய், சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்ற எழுந்துவிட்டாள்.

"ஏன் பறிக்கல?" என்று எர்மெக் கேட்டான்.

"அத்தைகிட்டயா?" என்றாள் அண்ணி. அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப்போல அவள் முகம் சிவந்துவிட்டது.

எர்மெக் என் பள்ளித் தோழன். அப்போது கணக்கு வாத்தியார். நான் ஓர் அச்சகத்தில் பால் பாக்கெட்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் படம் போடுகிறவள். பழைய சீட்டுக்கட்டுகளின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பென்சிலால் ஆடு வரைந்து, மூன்று குளிர்காலம் இந்த ஒரே விளையாட்டைக் கட்டி மாரடித்தோம். வசந்தத்தில் மந்தையோடு மலைக்கு ஏற வேண்டும், பனிக்கு முன்னால் இறங்க வேண்டும். பனிச் சீட்டு விழுந்தால் கையில் இருக்கும் ஆடுகளில் பாதி செத்துப்போகும். கடைசியில் யாரிடம் ஆடு அதிகமோ அவர்தான் ஜெயிப்பார். பனிச் சீட்டு நான்கா ஐந்தா என்று டிராலி பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டே போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, ஆளில்லாத கடைசி நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறோம். கால் விறைத்துப்போகும்.

அன்றும் அப்படித்தான் நடந்தோம். அவனுக்கு ஒரே கோபம். "வீட்டுல பறிக்க முடியாது மேரிம். அதுக்குத்தானே விளையாட்டு? ஒரு மணி நேரமாவது அந்தப் பொண்ணு மாமியார்கிட்ட பறிச்சுப் பாக்கட்டுமே."

"பறிக்க மாட்டாங்கடா. உன் ஆசைக்கு அவங்க ஆடணுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் ஆறு வீடுகளில் முகங்களைப் பார்த்திருந்தேன். இளையவர்கள் பெரியவர்களிடம் பறிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் விருந்தாளியிடம் பறிக்கவில்லை. ஒரு வீட்டில் மருமகன் வாய்தவறிப் 'பறி' என்று சொல்லிவிட்டு, மாமனாரிடம் இரண்டு ஆடாகத் திருப்பிக் கொடுத்தான். எர்மெக் ஆட்டக் கணக்கு எழுதிவைக்கும் நோட்டில் அதற்குக் கட்டமே கிடையாது.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. இருவரும் தலையாட்டினால்தான் ஒரு விதி மாறும். அந்த வசந்தத்தில் எர்மெக்குக்குக் கொரியாவில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. வாத்தியார் சம்பளத்தில் கூரை போடமுடியாமல் அவர்கள் வீடு மூன்று வருடமாகச் சுவரோடு நின்றது. விமான நிலையத்தில் அவன் அம்மா அவனை ரொட்டியில் ஒரு வாய் கடிக்கவைத்து, அவன் திரும்பி வந்து சாப்பிடவேண்டிய மிச்சத்தைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தார். அவன் என்னிடம் வந்து, "மத்ததெல்லாம் உன் இஷ்டம். பறிய மட்டும் தொடாத" என்றான். தொடமாட்டேன் என்று சொன்னேன்.

அவன் போன பத்தாவது நாள் அச்சக முதலாளி கூப்பிட்டார். தேர்தல் வருகிறதாம், அடுத்த வாரத்திலிருந்து சுவரொட்டிதான், உன் சீட்டை வியாழக்கிழமைக்குள் கொடுத்தால் அச்சில் ஓட்டித் தருகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடு என்றார். எர்மெக்கைக் கூப்பிட்டேன். அங்கே பயிற்சி முடியும்வரை போனை வாங்கிவைத்துக்கொள்கிறார்களாம். பதினொரு தடவை கூப்பிட்டேன். புதன்கிழமை மாலை 'பறி' சீட்டுகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் 'கொடு' என்று வரைந்தேன். கொடுத்த ஆடு பனியில் சாகாது, கடைசிக் கணக்கில் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் சேரும். முந்நூறு பெட்டிகள் அச்சாகி வந்தன.

நான் செய்தது தப்பு. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. காத்திருந்திருக்கலாம். பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

விதித்தாளைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு வரி பதில் வந்தது. 'இது உன் விளையாட்டு. என் பேரை எடுத்துடு.' எடுக்க வழியில்லை, மூடியில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகிவிட்டன. கொரியாவுக்குப் போன அவன் சித்தப்பா பையனின் பையில் ஒரு பெட்டியைத் திணித்து அனுப்பினேன். பதில் இல்லை. எட்டு மாதம். அண்ணி ஒருநாள், அவனைக் காதலித்தாயா என்று நேராகவே கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் எதைப் பார்த்தாலும் 'இத எர்மெக்கிட்ட சொல்லணும்' என்று வாய்வரை வந்து நின்றது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்காமல் என் அறைச் சுவரோரம் கிடந்தன. யாராவது விலை கேட்டால்கூட எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் எர்மெக். கன்னம் ஒட்டியிருந்தது. பின்னால் தொழிலாளர் விடுதியின் தரையில் எங்கள் நாட்டுப் பையன்கள் நான்கு பேர், நடுவில் என் சீட்டுகள், ஓரமெல்லாம் அழுக்கேறி.

நலமா என்றுகூட அவன் கேட்கவில்லை. "பேனா எடு" என்றான்.

கை மாவோடு எடுத்தேன்.

"இங்க ஓஷ் ஊர்க்காரனுங்க ரெண்டு பேரு, அண்ணன் தம்பி. அவனுக்கு இவன், இவனுக்கு அவன்னு மாத்தி மாத்தி குடுத்தே எல்லா ஆட்டத்தையும் அள்ளிடறானுங்க. உன் விதியில ஓட்டை இருக்கு."

"ஓட்டை இல்ல வாத்தியாரே, பாசம்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

எத்தனை ஆட்டம் ஆடிப் பார்த்தாய் என்று கேட்டேன். நூற்றெழுபது என்றான். நான் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்த பெட்டி.

"பறிய எடுத்ததுக்கு உன்ன இன்னும் மன்னிக்கல. அது வேற கணக்கு. இப்ப எழுது. குடுத்தவன் அடுத்த சுத்து ஆடக்கூடாது, சும்மா உக்காந்திருக்கணும். குடுத்தவனுக்கும் ஏதாவது நஷ்டம் வேணும்ல?"

"ஒரு சுத்து போதுமா?"

"ரெண்டு வெச்சுப் பாத்தேன்" என்றான். முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "ரொம்ப நீளமா இருக்கு."

சரி என்பதுபோலத் தலையாட்டினேன். அவனும் ஆட்டினான்.

போனை மாவுப் பையின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, சுவரோரத்திலிருந்து முதல் பெட்டியை இழுத்துத் திறந்தேன். விதித்தாளின் அடியில் அந்த வரியை எழுதினேன். மையில் மாவு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. அவன் போனை வைக்கவில்லை. அங்கே ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது பெட்டியில் நிமிர்ந்தபோது, எர்மெக் தன் ஆடுகளில் ஒன்றை எடுத்துப் பக்கத்துப் பையனின் முன்னால் தள்ளினான். சுற்று அவனைத் தாண்டிப் போனது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்து, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.