வேண்டுமென்றே விட்ட வார்த்தைகள்

ஸ்டெனோ அம்மாவிடம் எதையும் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் காலமெல்லாம் சுருக்கெழுத்து எழுதியவள். வக்கீல்கள் வாய்க்கு வந்தபடி கத்தினாலும், சாட்சி வாய்க்குள்ளேயே முனகினாலும், ஒரு சொல் சிந்தாமல் பிடித்துவிடுவாள். "நான் கடைசியா என்னம்மா சொன்னேன்?" என்று நீதிபதியே இவளிடம்தான் கேட்பார். அப்பேர்ப்பட்டவள் ஒரு சின்னப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "குடை... ரயில்... அப்புறம் என்னமோ சொன்னியே கண்ணு" என்று திருதிருவென்று விழித்தாள் என்றால், சந்தேகமே வேண்டாம், அது பச்சை நடிப்பு.

எதற்கு நடித்தாள் என்று கேட்கிறீர்களா? நடிக்காமல் என்ன செய்வாள், பாவம்!

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஐந்தாவது மாடியில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வயதானவர்களுக்கு மறதி நோய் வருமுன்பே அதை மோப்பம் பிடிக்க முடியுமா, யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது என்று பார்க்கிறார்கள். பிரஷர் மாத்திரைக்குப் போன இடத்தில் டாக்டர் கேட்டார், இவளும் பெயரைக் கொடுத்துவிட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யார் எங்கே கூப்பிட்டாலும் போகிற நிலைமை.

அங்கே ஒரு பெண் டெஸ்ட் எடுப்பாள். பத்து வார்த்தைகளைப் படிப்பாள். பிறகு கடிகாரம் வரையச் சொல்வாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாள். அதெல்லாம் முடிந்த பிறகு, மறந்தே போயிருப்போம் என்ற நம்பிக்கையில், அந்தப் பத்து வார்த்தைகளைத் திரும்பக் கேட்பாள். முதல் தடவை போனபோது ஸ்டெனோ அம்மா பத்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டு, "வேற ஏதாவது?" என்றாள்.

அதற்கப்புறம் கேள்விகள். தூக்கம் எப்படி, சர்க்கரை உண்டா, காது நன்றாகக் கேட்கிறதா, தினமும் நடக்கிறீர்களா. கடைசியில் ஒன்று வந்தது.

"போன வாரம் எத்தனை பேரோட உட்கார்ந்து பேசினீங்கம்மா?"

"லிஃப்ட்ல 'எந்த மாடி'ன்னு கேட்டாரே ஒருத்தர், அவரும் கணக்குல வருவாரா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தனியா இருக்கறதும் இந்த நோய்க்கு ஒரு காரணமான்னுதான் பார்க்கறோம்மா" என்றாள். ஸ்டெனோ அம்மாவுக்குச் சுருக்கென்றது. தனியாக இருக்க வேண்டும் என்று யாராவது வரம் வாங்கிக்கொண்டா வருகிறார்கள்?

வீட்டில் என்ன இருக்கிறது? டிவி இருக்கிறது, அது பாட்டுக்குப் பேசும். ஃபிரிட்ஜ் இருக்கிறது, அது பாட்டுக்கு உறுமும். வேறு ஊரில் ஒரே மகன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வச்சிடட்டுமா. அவனைக் குறை சொல்லவும் முடியாது, அவனுக்கு ஆயிரம் வேலை. ஆனால் அந்த ஐந்தாவது மாடியில் அந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, முழுசாக ஒரு காலை நேரம் இவள் பேசுவதைக் கேட்டாள். புருஷன்கூட அப்படிக் கேட்டதில்லை. கிளம்பும்போது, "மறுபடி எப்போ வரணும்?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நீங்க ஃபர்ஸ்ட் கிளாஸ்ம்மா. ரெண்டு வருஷம் கழிச்சு வந்தா போதும்."

ரெண்டு வருஷமா! வெளியே வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். பக்கத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர் ஓசி பிஸ்கட்டை நொறுக்கிக்கொண்டிருந்தார். "நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வர்றேன்" என்று என்னவோ மெடல் வாங்கியவர் மாதிரி சொன்னார். "வார்த்தையெல்லாம் கொஞ்சம் விட்டுப்போகுது. அப்படிப்பட்டவங்களை அடிக்கடி கூப்பிடறாங்க." ஸ்டெனோ அம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஒழுங்காக இருப்பவளுக்கு ரெண்டு வருஷம் தண்டனை, கோட்டை விடுகிற ஆளுக்குப் பிஸ்கட்டும் பேச்சுமா? இது எந்த ஊர் நியாயம்?

ரெண்டு வருஷத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அடுத்த தடவை போனபோது முடிவு செய்துகொண்டுதான் போனாள். நடிப்பதிலும் ஒரு நறுவிசு வேண்டுமே! எல்லாவற்றையும் விட்டால் சந்தேகம் வரும். முதலில் வந்ததும் கடைசியில் வந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், நடுவில் வருவதுதான் நழுவும். ஆகவே குடை, ரயில் என்று ஆரம்பித்து, நடுவே கத்தரிக்கோலையும் ஆற்றையும் மணியையும் தொப்பியையும் வேண்டுமென்றே விட்டாள். நான்கும் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வரத் துடித்தன. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மானம் போகிற மாதிரிதான் இருந்தது. இருந்தாலும், "மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்மா" என்று அந்தப் பெண் சொன்னபோது மனசு குளிர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் நல்ல காலம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இஸ்திரி போட்ட புடவை, பவுடர், பஸ். போகிறபோதெல்லாம் கொஞ்சம் விடுவாள், கொஞ்சம் சொல்வாள். அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு, மேலதிகாரி படுத்தும் பாடு எல்லாம் இவளுக்கு அத்துப்படி. கடைசியாகப் போனபோது கொட்டோ கொட்டென்று மழை. மீசைக்காரர் அன்று வரவில்லை. பிஸ்கட் நமத்துப் போயிருந்தது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அந்த மழைக்கு மறுநாள்தான் மகன் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றான்.

முதலில் தலைகால் புரியவில்லை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் குரலுக்குக் கை கால் முளைத்து வந்திருக்கிறதே! ஆனால் வந்தவன் சும்மா இருந்தானா? அவளுடைய கேஸ் அடுப்பைக் கழற்றிவிட்டு, தானே அணைந்துவிடும் கரண்ட் அடுப்பு வாங்கி வைத்தான். மாத்திரையை அவனே எண்ணிக் கையில் கொடுத்தான். ஒரு பால் பாத்திரம் கருகியதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? உலகத்தில் யார் வீட்டில்தான் பால் பொங்கவில்லை? இதெல்லாம் போதாதென்று ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தான்.

"என்கூடவே வந்துடும்மா. இந்த வீட்டைக் கொடுத்துடலாம்."

அவ்வளவுதான். ஸ்டெனோ அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"யாருடா உன்னைக் கூப்பிட்டா? நான் கூப்பிட்டேனா? இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவன், இப்ப வீட்டை விக்கணும்னதும் ஓடி வந்துட்டியா?"

மகனின் முகம் சிவந்தது. "சும்மாதான்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டான். அந்த அடக்கம் அவள் கோபத்தில் இன்னும் எண்ணெயை ஊற்றியது. நாள் தவறாமல் திட்டினாள். நாள் தவறாமல் அவன் பாத்திரம் கழுவினான்.

யோசித்துப் பார்த்ததில் அவளுக்கு விளங்கியது. ஆராய்ச்சியில் சேரும்போது, உங்களை நன்றாகத் தெரிந்தவர் ஒருவரின் போன் நம்பர் வேண்டும் என்று கேட்டார்கள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். அந்தப் பெண்தான் போன் போட்டு வத்தி வைத்திருக்கிறாள். தான் விட்ட வார்த்தைகளே தன் வீட்டுக்கு வேட்டு வைத்துவிட்டனவே! உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெட்கத்தைப் பார்த்தால் வீடு போய்விடும்.

மூன்று மாதம் முடிந்து முறை வந்தது. மகனும் கூடவே வந்தான். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"கண்ணு, இன்னைக்கு டெஸ்ட் வேண்டாம். நான் ஒண்ணு சொல்லணும். நீ கோவிச்சுக்கக் கூடாது."

அந்தப் பெண் பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"நான் இத்தனை நாளா உன்னை ஏமாத்தினேன். எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கல. வேணும்னேதான் விட்டேன். அடிக்கடி வந்து உன்கூடப் பேசலாமேன்னு. வீட்ல பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கா இல்ல கண்ணு, அதான். உன் ஆராய்ச்சியைக் கெடுத்ததுக்கு என்னை என்ன வேணா சொல்லு. ஆனா என் பையன்கிட்ட எனக்கு ஒண்ணும் இல்லைன்னு மட்டும் சொல்லிடு. வீட்டை வித்துடுவான்."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. கோபப்படுவாள், அல்லது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் இரண்டும் செய்யவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, போன தடவையும் இதை என்கிட்ட சொன்னீங்க."

"எதை?"

"இப்ப சொன்னதைத்தான். நல்ல மழை அன்னைக்கு. நடிச்சேன்னு சொல்லி அழுதீங்க. சரி, இப்ப நிஜமாவே பண்ணலாம்னு வேற பத்து வார்த்தை படிச்சேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டு ரொம்பக் கஷ்டப்பட்டுப் பார்த்தீங்க."

ஸ்டெனோ அம்மாவின் கை புடவைத் தலைப்பைத் தேடியது. மழை ஞாபகம் இருந்தது. நமத்த பிஸ்கட் ஞாபகம் இருந்தது. அதற்கு நடுவில் ஒன்றுமே இல்லை.

"எத்தனை சொன்னேன்?" என்றாள்.

"ரெண்டும்மா."

அந்த அறையில் அத்தனை காலமும் அவள் ஒரு தடவைகூடப் பயந்ததில்லை. இப்போது பயந்தாள். பயத்தை மறைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி கோபம்.

"அதுக்காக? உடனே அவனுக்குப் போன் பண்ணிடுவியா? என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"நான் பண்ணலம்மா." அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான் பண்ணீங்க. இந்த நாற்காலியில உட்கார்ந்துதான். 'எனக்குப் பயமா இருக்குடா, என்னைத் தனியா விடாதே, உடனே வா'ன்னு சொன்னீங்க. அவர் அன்னைக்கே கிளம்பிட்டார்."

ஸ்டெனோ அம்மாவின் காதில் அவள் குரலே கேட்டது. யாருடா உன்னைக் கூப்பிட்டா? எத்தனை நாள் கேட்டிருப்பாள்! நீதான் கூப்பிட்டாய் என்று அவன் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் திட்டு வாங்கிக்கொண்டு பாத்திரம் கழுவியிருக்கிறான்.

சட்டென்று எழுந்தாள். "இருங்கம்மா, மெதுவா" என்று அந்தப் பெண் கூடவே எழுந்தாள். இருப்பதற்கு நேரமில்லை. கதவு வரை போவதற்குள் இதுவும் போய்விட்டால் என்ன செய்வது?

பெஞ்சில் மகன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான். தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் பதறிக்கொண்டு விழித்தான்.

"டேய், நான்தான்டா உன்னைக் கூப்பிட்டேன்."

மகன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"ஆமாம்மா" என்றான்.