மூன்று மிதி

எங்கள் ஜீப்பை நிறுத்த பிரேக்கை மூன்று முறை மிதிக்க வேண்டும். முதல் மிதி சும்மா போகும், இரண்டாவதில் கொஞ்சம் பிடிமானம் தெரியும், மூன்றாவதில்தான் வண்டி நிற்கும். என் கணவர் ஃபிரெட்ரிக் ஒவ்வொரு மிதிக்கும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். "மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்று நான் ஒரு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தேன். "ஆவி வர்ற வரைக்கும் பயமில்ல பியா" என்பார். ஆபீஸ் ஏலத்தில் எடுத்த, பன்னிரண்டு வயதான டீசல் ஜீப். அதன்மேல் அவர் வைத்த நம்பிக்கையில் பாதியை என் பேச்சின்மேல் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

தொண்ணூற்றாறில் அவருடைய அக்கா ஜொவிட்டாவுக்கு மார்பில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அடையாறு ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும் என்றார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளாதவர். முப்பது வருஷம் கான்வென்ட்டில் தையல் டீச்சர். சாந்தோமில் எங்களோடுதான் இருந்தார். ஆட்டோ குலுக்கினால் தையல் போட்ட இடம் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது என்றதால் தினமும் ஜீப்பில்தான் கூட்டிப்போனோம்.

எங்கள் சர்ச் பங்கில் தனியாக வாழும் பெண்கள் சிலர் தங்கள் அடக்கச் செலவைத் தாங்களே சேர்த்து வைப்பார்கள். கடைசி நாளிலும் கூடப்பிறந்தவர்களிடம் கைநீட்டக் கூடாது என்ற வீம்பு. அக்காவிடமும் ஒரு கவர் இருந்தது. மேலே குண்டு குண்டு எழுத்தில் 'பெட்டி, பூ, பாட்டுக் குழு' என்று எழுதியிருக்கும். பீரோவைத் திறந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு நடமாடுகிற மனுஷிக்கு எதற்கு இந்த முன்னேற்பாடு?

பத்தாவது நாள், வெள்ளிக்கிழமை காலை. அடையாறு பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் போன ட்ரைசைக்கிள் சட்டென்று நின்றது. பிதா போனார், சுதன் போனார், ஆவியும் போய்விட்டார், எங்கள் வண்டி நிற்கவில்லை. முட்டியதில் நாலு பிளாஸ்டிக் குடங்கள் ரோட்டில் உருண்டன. நல்லவேளை, ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இறங்கி வந்து எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நியாயம்தான்.

அன்றைய கரண்டை முடித்து, ஜீப்பை ஊர்ந்தபடியே ஓட்டி வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னார்.

"போதும் ஃபிரெடி. திங்கக்கிழமையிலேர்ந்து நான் வரல. என் ஒருத்தி உசிருக்காக ரோட்டுல போறவன் சாகணுமா?"

நடுவில் நிறுத்தினால் இதுவரை பட்டதெல்லாம் வீண் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

சாயங்காலம் மந்தைவெளியிலிருந்து மெக்கானிக் அக்பர் பாஷா வந்தார். வாசலிலேயே சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? ஆயில் கசிஞ்சிக்கினு கீது. லைனிங் தேஞ்சி வெறும் இரும்புதான் மிச்சம். நாலு சக்கரத்துக்கும் மாத்தணும். மாஸ்டர் சிலிண்டரும் பூடுச்சு. அஞ்சாயிரத்து இருநூறு ஆவும்."

அது ஃபிரெட்ரிக்கின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. ஆபரேஷனிலேயே கையிருப்பு காலியாகிவிட்டது. என் கணவர் அப்போது சொன்ன யோசனையை உலகத்தில் வேறு எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"பாஷா, இந்த மாசம் வலது பக்கம் மட்டும் மாத்திடலாம். சம்பளம் வந்ததும் இடது பக்கம்."

"ஒரு கால்ல மட்டும் செருப்பு மாட்டிக்கினு ஓடுவியா சார் நீ? பிரேக் அட்ச்சா வண்டி ஒரு பக்கமா இஸ்துக்கினு போவும். நோயாளிய ஏத்திக்கினு போற வண்டி. அரகொறையா நான் செய்ய மாட்டேன்."

"பதினஞ்சு நாள் ஓடினாப் போதும் பாஷா. வண்டி சரியாயிடுச்சுன்னு சொன்னாத்தான் அக்கா ஏறும். இல்லேன்னா எங்க அக்கா போயிடும்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. இருபது வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

உள்ளே ஜன்னலோரம் படுத்திருந்த அக்காவும் கேட்டிருக்க வேண்டும். கையில் அந்தக் கவரோடு வெளியே வந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்து, எண்ணி, தம்பியிடம் நீட்டினார்.

"இந்தக் காச நான் தொட மாட்டேன்க்கா."

"நான் செத்தப்புறம் தொடுவே, இப்போ தொட மாட்டியா? வாங்குடா."

"இது உன் பெட்டிக்குக்கா..."

"பெட்டிக்கு இப்போ என்ன அவசரம்? நாலு சக்கரத்துக்கும் போடச் சொல்லு. பதினஞ்சு நாள் நான் போகணும்." பிறகு கவருக்குள் எட்டிப் பார்த்தார். "பூவுக்கு மட்டும் மிச்சம் இருக்கு."

காலையில் வரமாட்டேன் என்ற அதே வாய். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாஷா வேலை பார்த்தார். திங்கட்கிழமை காலை அக்கா முன் சீட்டில் ஏறினார், நான் பின்னால். அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஃபிரெட்ரிக் பழக்கதோஷத்தில் தூரத்திலேயே "பிதா" என்று ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ஜீப் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. என் தலை முன் சீட்டில் இடித்தது. அக்காவின் கண்ணாடி மடியில் விழுந்தது. பின்னாலிருந்த பஸ் ஹாரனை அலறவிட்டது.

"ஐயோ அக்கா, வலிச்சுதா?" என்று அவர் பதறினார்.

அக்கா கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"பிதாவிலேயே நின்னுடுச்சு இல்ல? பாக்கி ரெண்டு பேரையும் எனக்கு விட்டுடு ஃபிரெடி. நீ சிக்னலப் பாரு."