சாய்ந்து நின்ற தண்ணீர்

எங்கள் மருமகள் இறங்கிய நாளில்தான் அந்த நீச்சல் குளத்துத் தண்ணீர் முதன்முதலாகச் சாய்ந்து நின்றது. அதற்கு முந்திய நாள்வரை தண்ணீர் மட்டமாகத்தான் இருந்தது, குளம்தான் சாய்ந்திருந்தது. வெளியில் இதை மாற்றிச் சொல்கிறார்கள் என்பதால் நடந்தது நடந்தபடி இங்கே எழுதப்படுகிறது.

மருமகளுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, தரையில் நடந்தால் உயிர் போகிற வலி. மார்பளவு தண்ணீரில் தினமும் மெல்ல நடந்தால் நடை திரும்பும், இல்லாவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொன்னார். அவள் கணவன் சர்வேயர். ஊரில் பாதி நிலத்துக்கு எல்லைக்கல் அவன் கை காட்டிய இடத்தில் நிற்கிறது. அவன் போட்ட கோட்டை எந்தக் கோர்ட்டும் மாற்றியதில்லை. வீட்டின் பின்பக்கம் குளம் கட்ட ஆள் வந்தபோது, விளிம்புக்கு மட்டத்தை வீட்டுத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னான். அந்தத் தரை அவன் அப்பா பக்கத்தில் நின்று போட வைத்தது. காண்ட்ராக்டர் பையிலிருந்து, குமிழை வைத்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்தார்.

"தரையை ஒரு தடவை செக் பண்ணிரலாம் சார்."

"எங்கப்பா போட்ட தரையையா? அவர் இருந்தா அவர் தலை மேல வச்சுப் பாப்பீங்களா?"

ரசமட்டம் பைக்குள் திரும்பியது. ஊரார் நிலத்தையெல்லாம் கருவி வைத்து அளந்தவன் சொந்த வீட்டை ஒருநாளும் அளந்ததில்லை. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் யாராக இருந்தாலும் அளந்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் நிரப்பியதும் தெற்கு விளிம்பில் வழிந்தது. வடக்கு விளிம்பில் ஒரு சாண் டைல் காய்ந்து கிடந்தது. குளம் கோணல் என்றால் வீடு கோணல். வீடு கோணல் என்றால் அதில் பிறந்து வளர்ந்த எல்லோரையும் பற்றி என்ன சொல்வது? சர்வேயரின் அக்கா வந்து பார்த்துச் சிரித்தாள். "என்னடா தம்பி, குளம் ஒரு பக்கமாத் தூங்கி விழுது?" புதுத் தண்ணீர், படிய நாளாகும் என்றான். "தண்ணி என்ன தலைமுடியா, படியறதுக்கு?" என்றாள் அவள். அன்று அவன் சாப்பிடவில்லை. சாயங்காலம் வடக்கு விளிம்பில் உட்கார்ந்து வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தான். ஊற்றியதெல்லாம் தெற்கே வழிந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த மருமகள், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து குளத்தில் இறங்கினாள். நடுவில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்தாள். தெற்கே வழிவது நின்றது, வடக்கே காய்ந்த டைல் நனைந்தது. தண்ணீர் நான்கு பக்கமும் விளிம்போடு ஒட்டி, சரிவான கூரை போலச் சாய்ந்து நின்றது. அதில் மிதந்த இலைகூட நகரவில்லை.

"பாருங்க, படிஞ்சிருச்சு" என்றாள்.

"நான்தான் சொன்னேனே" என்றான்.

அவள் கரையேறியதும் தண்ணீர் பழையபடி மட்டத்துக்கு வந்து தெற்கே வழிந்தது. அவனும் அதைப் பார்த்தான். பிறகு வந்த வருடங்களில் யார் குளத்தைப் பார்க்க வந்தாலும், "கொஞ்சம் இறங்கேன்மா, பாக்கணுமாம்" என்று உள்ளே குரல் கொடுப்பான். காய்ச்சலோடும் அவள் இறங்கியிருக்கிறாள். வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். மெல்ல அவளுடைய வலது தோள் இறங்கியது. அவள் கையில் பிடித்த டம்ளரில் டீயும் சாய்ந்து நின்றது. மருந்தை ஸ்பூனில் ஊற்றினால் ஒரு பக்கமாக ஒழுகியது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவர் தண்ணீரில் நடப்பதாகத் தெரியவில்லை, எதையோ சுமக்கிறார் என்றார். அக்கா இப்போது சிரிப்பதில்லை.

"எதுக்கு இப்படித் தேயறே? கோணல்தான்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"அவருக்குத் தெரியாததா அண்ணி? அவர் வாயால வரட்டும்."

வரவில்லை. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் பொய் சொல்வதில்லை, சொல்லாமல் இருந்துவிடுவார்கள். அவளுக்கு நடை திரும்பவில்லை. படுக்கையில் விழுந்தாள், மழை ஓய்ந்த ஒரு காலையில் இறந்தாள். எல்லாம் முடிந்தபின் அவன் பின்பக்கம் போனான். தண்ணீர் மட்டத்துக்கு வந்திருக்கும் என்றுதான் நினைத்தான். ஆள் இல்லாத குளத்தில் அது விளிம்போடு ஒட்டிச் சாய்ந்தே நின்றது.

துக்கத்துக்கு வந்தவர்கள் கூடத்தில் இருக்கும்போதே அவன் தன் ரசமட்டத்தை எடுத்துவந்து தரையில் வைத்தான். குமிழ் ஓடிப்போய் ஓரத்தில் முட்டியது. "எங்கப்பா போட்ட தரை கோணல். தண்ணி ரொப்பின அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றான். எல்லோரும் எழுந்துவிட்டோம், அப்படி ஒரு வார்த்தையை அந்தக் கூடம் கேட்டதில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை. "இதைக் கேக்க அவ இல்லையேடா" என்று அக்கா மட்டும் சொன்னாள்.

குளத்தை இடித்து, இந்த முறை கருவி வைத்துக் கட்டினார்கள். நான்கு விளிம்பிலும் குமிழ் நட்டநடுவில் நின்றது. புதுத் தண்ணீர் விட்டார்கள். அது பழைய சாய்விலேயே ஏறி நின்றது. குளம் நேராகிவிட்டதால் இப்போது வடக்கே வழிந்தது. காண்ட்ராக்டர் கருவிகளைக் கட்டிக்கொண்டு போனார். சர்வேயர் சட்டையோடு இறங்கி, அவள் நிற்கும் இடத்தில் நின்றான். "கோணல்னு சொல்லிட்டேன்மா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். போதும், விட்டுடு" என்றான். தண்ணீர் விடவில்லை. மறுநாளும் இறங்கிச் சொன்னான். இன்றுவரை சொல்கிறான்.

குடும்பத்துப் பிள்ளைகள் அங்கேதான் நீச்சல் பழகுகிறார்கள். தெற்கே போவது இறக்கம், திரும்பி வருவது ஏற்றம். மற்றவர்கள் வீட்டு மட்டமான தண்ணீர் அவர்களுக்குச் சப்பென்று இருக்கிறதாம். வடக்கு விளிம்பில் வழிவதற்கு ஒரு பழைய போர்வை மடித்துப் போட்டிருக்கிறது. ஊறிக் கனத்ததும் சர்வேயர் அதைத் தூக்கிப் பிழிந்து போடுகிறான். வேறு யாரையும் தொட விடுவதில்லை.