தங்கம்மாளின் நெல்லும் எம்.எல்.ஏ.வின் பந்தும்

ஆறு தேர்தல்களாகச் செல்லத்துரையின் சுவரொட்டிகளில் 'கல்லூரிக் கூடைப்பந்து நட்சத்திரம்' என்ற வரி இருந்தது. ஆறிலும் ஜெயித்தார். ஆனால் அவர் பந்து போட்டுப் பார்த்தவர் தொகுதியில் ஒருவரும் இல்லை. "பந்தாவது கூடையாவது, அந்த உயரம் வாழைத்தார் வெட்டத்தான் ஆகும்" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை பேசினார்கள். சட்டசபையில் எதையும் தாங்கிக்கொள்கிற செல்லத்துரைக்கு இது மட்டும் முள்ளாகக் குத்தியது.

அதனால்தான் பூதலூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்குக் கூடைப்பந்துத் தளம் கட்டவைத்தார். திறப்பு விழாவில் எல்லோர் கண்ணெதிரிலும் ஒரு பந்தைக் கூடையில் போட்டுவிட வேண்டும்.

விழாவன்று போய்ப் பார்த்தால் தளம் முழுக்கக் காயப்போட்ட நெல். அறுவடை நேரத்தில் அந்த ஊரில் சிமெண்டுத் தரை எதுவானாலும் களம்தான். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள்.

"அள்ளச் சொல்லட்டுங்களாண்ணே?" என்றார் உதவியாளர் சித்தீக்.

"அள்ளினா ஓட்டையும் சேத்து அள்ளிக்கிட்டுப் போயிருவாங்கய்யா."

நெல்லுக்குச் சொந்தக்காரியான தங்கம்மாள் ஓரமாக முக்காடிட்டு நின்றிருந்தாள்.

"நெல்லுல நடக்கலாமாம்மா?" என்று கேட்டார் செல்லத்துரை.

"தாராளமா நடங்க. செருப்பக் கழட்டிட்டு, காலத் தூக்காம இழுத்து இழுத்து நடங்க. கிளறிவிட்ட மாதிரியும் ஆச்சு."

வேட்டியை மடித்துக் கட்டி, பந்தை அணைத்துக்கொண்டு, இரண்டு கால்களாலும் நெல்லை உழுதபடி போனார். நின்று பந்து போடும் கோடு நெல்லுக்கடியில் இருந்ததால் குத்துமதிப்பாக நின்று போட்டார். பந்து வளையத்தில் பட்டு ஒரு மூலையில் விழுந்தது. அங்கேயே கிடந்தது. நெல்லில் பந்து எழும்பாது. எடுக்கப் போனார், இழுத்து இழுத்து.

அடுத்தது பலகையில் பட்டு வேறு மூலைக்குப் போனது. சித்தீக் எடுத்துத்தர ஓடினார்.

"தம்பி, நீங்க மிதிக்காதீங்க. அவருக்குத்தான் நடை படிஞ்சிருக்கு," என்றாள் தங்கம்மாள்.

ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் உச்சுக்கொட்டியது. செல்போன்கள் இறங்கவே இல்லை. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் சாமிதுரை சிரிப்பதற்காகவே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கம்மாள் மட்டும், "பரவால்லங்க, இன்னொன்னு போடுங்க" என்று உற்சாகப்படுத்தினாள். இத்தனை வருஷ அரசியலில் இவ்வளவு உறுதியான ஆதரவாளர் அவருக்குக் கிடைத்ததில்லை.

வெயில் ஏறியது. சட்டை முதுகோடு ஒட்டியது. எத்தனையாவதோ பந்துக்கு, பழைய கல்லூரிப் பழக்கத்தில் அவருடைய முழங்கால் தானாக மடங்கி நிமிர்ந்தது. பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

ஒரே கூச்சல். சாமிதுரைகூடத் தன்னை மறந்து கைதட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

தங்கம்மாள் கைதட்டவில்லை.

"என்னம்மா, பாத்தீங்கல்ல?" என்றார் செல்லத்துரை, மூச்சு வாங்க.

"பாத்தேங்க. அதுக்குள்ள போட்டுட்டீங்களே," என்றாள். "வடக்கு மூல அப்புடியே கெடக்கு."