ஜாடை வீடு

காது பரிசோதிக்கும் பெண்மணி முதுகுக்குப் பின்னாலிருந்து கிலுகிலுப்பையை மெல்லக் குலுக்கியதும் குழந்தை சட்டென்று திரும்பினாள். காதில் ஒரு குறையும் இல்லை. இரண்டரை வயதாகியும் மகளுக்கு ஒரு சொல் வரவில்லையே என்று தூக்கம் தொலைத்திருந்த அம்மாவுக்கு, இதற்குச் சந்தோஷப்படுவதா, இன்னும் பயப்படுவதா என்று புரியவில்லை.

பெண்மணி மூவரையும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்; அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அம்மா புருவத்தைத் தூக்கினாள். அவன் குழந்தையின் மோவாயைத் துடைத்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"வீட்டுலயும் இப்படித்தானா?"

இருவருக்கும் நெசவாலையில் வேலை. தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. நூல் அறுந்தது, டீக்குப் போகலாம், எல்லாம் விரலில்தான்; அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கட்டிக்கிறாயா என்று கேட்டதுகூட விரலில்தான் என்றான் அப்பா, வெட்கத்தோடு.

"காதுல விழாதத கொழந்த எங்கேருந்து பேசும்? வாய்க்கு வந்ததப் பேசுங்க. பேசிட்டுக் கொஞ்சம் நிறுத்துங்க. அவளுக்கும் எடம் வேணும்ல."

மாலையில் அவரைக்காயை முறத்தில் கொட்டி, குழந்தையை எதிரே உட்காரவைத்தாள் அம்மா. இது காய், இது காம்பு என்றாள். அதற்குமேல் நாக்கு எழவில்லை. "பள்ளிக்கூடம் தொறந்தாச்சு" என்று வாசற்படியிலிருந்து கேலி செய்தான் அவன். ரோஷம் வந்தது அவளுக்கு. ஆலையில் அன்று நடந்ததை எடுத்துவிட்டாள். மேஸ்திரியின் செருப்பு எண்ணெயில் வழுக்கித் தறிக்கு அடியில் போய்விட்டதை, அவரைத் தொப்பை குனிய விடாததை. தொப்பை இல்லை, இடுப்புப் பிடிப்பு என்று அவன் குறுக்கே வந்தான். தொப்பைதான் என்றாள். பேச்சு பேச்சை வளர்த்து, கடைசியில் மேஸ்திரி ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனதில் கதை முடிந்தது.

நிறுத்தச் சொன்னார்களே. நிறுத்தினாள்.

குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

"ம்" என்றாள்.

கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற அதே "ம்". அம்மா கணவனைப் பார்த்தாள். அதற்குமேல் ஆலையில் ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கும் தெரியும். முறத்தைத் தள்ளிவிட்டு அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்புறம்..." என்றாள் அம்மா, "தறிக்கடியில மாட்டிக்கிச்சே ஒரு செருப்பு, அது தனியா எந்திரிச்சு, அவரு பின்னாடியே ஓடுச்சு."