நெஸ்டர் டின்னர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன இலையுதிர்காலத்தில் டோப்ரா ஊர் மன்றத்தில் அறுவடை விருந்து. உருளைக்கிழங்கு உரிக்க வருவதாக வாய் கொடுத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கிழங்கு வெந்தே விட்டது. வாசலில் நின்ற பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்து, "வாங்க வாங்க, நெஸ்டர் டின்னருக்கு வந்துட்டீங்களாக்கும்" என்றார். கூடமே சிரித்தது. இந்தச் சஸ்காச்சுவான் மாகாணத்துக் கோதுமைக் காட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன், இப்படி ஒரு கேலி இருப்பதே எனக்குத் தெரியாதே! யார் நெஸ்டர், என்ன டின்னர் என்று கண்ணில் பட்டவரையெல்லாம் பிடித்து உலுக்கினேன். எல்லாரும் சொன்னார்கள். ஓர் இடம் வரைக்கும் எல்லாருடைய கதையும் ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் பொய். எனக்கோ கை பரபரக்கிறது. அந்த இடம் வரைக்குமாவது உங்களைக் கூட்டிப் போகிறேன், வாருங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பரந்து விரிந்த சமவெளியில் பொன்னிறக் கதிரவன் மெல்ல—"

சீச்சீ. இந்த ஊரில் எவனும் கதிரவனைப் பார்ப்பதில்லை. மேகத்தைத்தான் பார்ப்பான்.

இரண்டாவது:

"நெஸ்டர் பிலிப்சுக் ஒரு பிறவித் தலைவன். சிறு வயதிலேயே—"

பச்சைப் பொய். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வாசல் வழியாக நழுவிவிடுவான்.

மூன்றாவது. இது தாங்கும் என்று நினைக்கிறேன்:

டோப்ராவுக்கு வரும் கிளை ரயில்பாதையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நெஸ்டர் கோதுமை விதைத்துக்கொண்டிருந்தான். பாதை போனால் ரயிலடியில் நிற்கும் தானியச் சேமிப்புக் கோபுரம் போகும். கோபுரம் போனால் விளைந்ததை விற்க வழியில்லை. பிறகு கடை, பள்ளிக்கூடம், கடைசியில் ஊரே போகும். பாதி வயலில் விதைப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தான். "நான் தேர்தல்ல நிக்கப்போறேன்" என்றான். அவன் மனைவி ஸ்டெஃபா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

3

(பிரசாரத்தைப் பற்றி நிறைய எழுதினேன். கிழித்துப் போட்டேன். ஒன்றை மட்டும் விட மனசில்லை. மாட்டுச் சந்தையில் ஏலக்காரன் ஒரு பசுவுக்கும் அடுத்த பசுவுக்கும் நடுவே அவனைப் பேசவிட்டான். தட்டுத் தடுமாறிப் பேசி முடிப்பதற்குள் பின்வரிசையில் யாரோ அவனுக்கும் விலை கேட்டுவிட்டார்கள்.)

ஜெயித்தான்! மாகாணச் சட்டமன்றத்துக்கு, ரெஜைனாவுக்குப் போனான். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ரயில் மாகாணத்தின் கையில் இல்லை, நாட்டின் தலைநகரான ஒட்டாவாவின் கையில் இருக்கிறது என்று. முகம் தொங்க வீட்டுக்கு வந்தவனை ஸ்டெஃபா உட்காரக்கூட விடவில்லை.

"தப்பான கதவைத் தட்டியிருக்க. அவ்வளவுதானே? போய்ச் சரியான கதவைத் தட்டு."

அடுத்த தேர்தலில் மத்தியப் பாராளுமன்றம், அதிலும் ஜெயித்தான். அவனுடைய வயலைப் பக்கத்து வயல்காரன் ஒனுஃப்ரி தன் வயலோடு சேர்த்து உழுதான். ஊரே அவனை ரயிலேற்றி அனுப்பியது. அதே கிளைப்பாதையில்தான்.

4

இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அடியில் போட்டால் நீங்கள் படிக்கமாட்டீர்கள், ஆகவே நடுவிலேயே போடுகிறேன்.

* டோப்ராவில் டின்னர் என்றால் நடுப்பகல் சாப்பாடு. ராச்சாப்பாட்டுக்குப் பெயர் சப்பர். ஒட்டாவாவில் டின்னர் என்றாலே ராச்சாப்பாடுதான்.

போன புதிதில் ஒரு சக உறுப்பினர் நெஸ்டரை டின்னருக்கு அழைத்தார். இவன் உச்சி வெயிலில் போய்க் கதவைத் தட்டினான். தலைமுடியில் சுருள் ஊசிகளோடு கதவைத் திறந்த அந்த வீட்டம்மா அலறாத குறை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. இனி இந்தத் தப்பு வரக்கூடாது என்று நாக்கைப் பழக்கினான். நன்றாகவே பழக்கிவிட்டான், பாவி.

5

இதோ, அமைச்சர் வருகிறார்! ரயில்துறையைக் கையில் வைத்திருந்தவர். நெஸ்டர் வருடக்கணக்காக அவர் பின்னாலேயே அலைந்து, "ஒருமுறை எங்கள் ஊரைப் பாருங்கள், பிறகு மூடுங்கள்" என்று சம்மதிக்க வைத்திருந்தான். உடனே வீட்டுக்குத் தொலைபேசி.

"கையோட கூட்டிட்டு வரேன், ஸ்டெஃபா. சனிக்கிழமை, மன்றத்துல டின்னர். ஒருத்தர் விடாம வரச்சொல்லு."

"அறுப்பு நேரமாச்சே."

"ஒரு வேளைதானே?"

"சரி, டின்னர். சொல்லிடறேன்."

இந்த உரையாடலை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருவர் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டிருந்தால் எனக்குக் கதையே இல்லை. கேட்க வைக்கவும் பார்த்தேன், ஒட்டவில்லை. சாப்பாட்டு வேளை எதுவென்று புருஷனிடம் யாராவது கேட்பார்களா?

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அறுப்புக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அப்படியும் நடுப்பகலில் இயந்திரங்களை நிறுத்தினார்கள். கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரே மன்றத்தில் உட்கார்ந்தது. கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டிய ஹோலுப்சி தட்டுத் தட்டாக வந்து ஆறியது. வாசலைப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம். கடைசியில் ஆறினதைத் தின்றுவிட்டு, திட்டிக்கொண்டே வயலுக்குத் திரும்பினார்கள். ஒனுஃப்ரி சட்டையைக்கூட மாற்றவில்லை. "ஒட்டாவா தண்ணி குடிச்சாச்சுல்ல, இனி நாமெல்லாம் எங்க கண்ணுக்குத் தெரியப்போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

6

பொழுது சாயும் நேரத்தில் கார் வந்து நின்றது. நெஸ்டர் அமைச்சருக்கு முன்னால் ஓடிப்போய் மன்றத்தின் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே காலி நாற்காலிகள். ஸ்டெஃபா மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அமைச்சர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாருக்காகப் பேசறேன்னு சொன்னீங்க, பிலிப்சுக்?"

நெஸ்டருக்கு இன்னும் புரியவில்லை. ஸ்டெஃபா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"டின்னர் மத்தியானமே முடிஞ்சுபோச்சு, நெஸ்டர்."

(இங்கே அவன் முகத்தை வர்ணிக்க ஒரு பத்தி வைத்திருந்தேன். வேண்டாம். உங்களுக்கே தெரியும்.)

ஸ்டெஃபா கத்தினாளா, அழுதாளா? இரண்டும் இல்லை என்று எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். அறுப்புக் காலத்தில் ராச்சாப்பாடு வயலுக்குப் போக வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். கொதிக்கும் சூப் பானையை நெஸ்டர் கையில் கொடுத்தாள். ரொட்டிக் கூடையை அமைச்சர் கையில் கொடுத்தாள்! "நின்னு மூஞ்சியைப் பாத்துட்டிருந்தா அவங்க வயிறு ரொம்பாது. தூக்குங்க."

அமைச்சர் தூக்கினார். வரப்போரம் நடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "இனி உங்களை நான் எதுவும் கேக்கறதா இல்ல. இவங்க உங்களைத் தங்களோட ஆளா நினைக்கிறாங்களான்னு மட்டும் பாக்கறேன். அதைப் பாத்துட்டுப் பாதையைப் பத்தி முடிவு பண்றேன்."

7

முடிவு, முதல் வரைவு: ஊரார் ஓடி வந்து அவனைத் தோளில் தூக்கி— போதும். கையில் சூப் இருக்கிறது.

இரண்டாவது வரைவு: ஒருவர் பின் ஒருவராக முதுகைக் காட்டி— இதுவும் ஆகாது.

நடந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது இவ்வளவுதான். ஒனுஃப்ரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினான். கோயில் சட்டையெல்லாம் உமித்தூசி. மற்றவர்களும் கூடினார்கள். அவன் நெஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தான்.

"என்னப்பா கொண்டாந்திருக்க?"

நெஸ்டர் வாயைத் திறந்தான். பின்னால் அமைச்சர் ரொட்டிக் கூடையோடு காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரே ஒரு சொல். சப்பர் என்றால் அவர்கள் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டுவார்கள். டின்னர் என்றால் தட்டு நீளாது, ரயிலும் வராது. இங்கேதான் டோப்ரா இரண்டாகப் பிரிந்து இன்றைக்கும் சண்டை போடுகிறது. அந்தத் தண்டவாளத்தை நான் தினமும் தாண்டிப் போகிறேனா, அது கிடந்த மேட்டைத் தாண்டிப் போகிறேனா என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நேற்று ராத்திரி சாப்பிட்டீர்களே, அதை உங்கள் வீட்டில் என்னவென்று சொன்னீர்கள்? யோசிக்காதீர்கள், முதலில் நாக்கில் வந்ததைச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் உங்கள் வீட்டிலும் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். நெஸ்டருக்கும் யோசிக்க நேரமில்லை. சொல்லுங்கள், ஒனுஃப்ரி பசியோடு நிற்கிறான்.